நெருக்கடி வேளையில் நிறுவனத்தின் குரல்: கணினித் தாக்குதல்களும் பொதுமக்களுக்கு அறிவித்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

நிறுவனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் தோற்றம், வளர்ச்சி, வருமானம், தலைமை என்பவற்றை விரித்துரைப்பதே பெருவழக்காகும். இடர் நேர்ந்த வேளையில் ஒரு நிறுவனம் யாருக்கு, எப்பொழுது, எதனைச் சொல்லிற்று என்னும் வினா பெரும்பாலும் அடிக்குறிப்பாக ஒதுக்கப்பட்டு விடுகின்றது. ஆயின், கடந்த நாற்பது ஆண்டுக்கால வரலாற்றை நோக்குமிடத்து, கணினி வலையமைப்புகளின்மீது நிகழ்ந்த தாக்குதல்களில் மக்களுக்கு நேர்ந்த இழப்பின் அளவினை இவ்வினாவுக்கான விடையே பல வேளைகளில் நிர்ணயித்தது என்பது புலனாகும்.

தீ, வெள்ளம், புகையிரத விபத்து போன்ற இடர்களிலிருந்து கணினித் தாக்குதலை வேறுபடுத்தும் இயல்புகள் இரண்டுள. முதலாவது, அது கண்ணுக்குப் புலனாகாதது. வீடு தீப்பற்றினால் வீட்டுக்காரன் முதலில் அறிவான். தனது பெயரும் பிறந்த திகதியும் வங்கிக் கணக்கும் நோய் வரலாறும் களவாடப்பட்டதை உரியவன் அறியமாட்டான். அவற்றைத் தன்வசம் வைத்திருந்த நிறுவனமே அறியும். இரண்டாவது, நிறுவனம் பேசுதற்குப் பயன்படுத்தும் கருவியே தாக்கப்பட்ட பொருளாக அமைந்துவிடுகின்றது. மின்னஞ்சலும் தொலைபேசியும் பெயர்ப்பட்டியலும் ஒரே வலையமைப்பிற் தங்கியிருக்கையில், அவ்வலையமைப்பு வீழ்ந்ததும் நிறுவனம் ஊமையாகின்றது. முதலாவது இயல்பு பேச வேண்டிய கடமையை மிகுவிக்க, இரண்டாவது பேசும் ஆற்றலைக் குறைக்கின்றது. இம்முரண்பாட்டை நிறுவனங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், முன்னாயத்தம் என்பது எவ்வாறு படிப்படியாக உருவாகியது என்பதையும் 1988 முதல் 2024 வரையான சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்னைய மரபு

நெருக்கடி வேளையில் நிறுவனம் தானாக முன்வந்து பத்திரிகைகளுக்குச் செய்தி வழங்கும் மரபு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. 1906 ஒக்ரோபர் 28ஆம் திகதி அற்லான்ரிக் சிற்றி நகரருகே பென்சில்வேனியா புகையிரதக் கொம்பனியின் வண்டியொன்று பாலத்தினின்றும் நீருள் வீழ்ந்தது. 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்துகளை மறைப்பதே அக்காலத்துப் புகையிரதக் கொம்பனிகளின் வழக்கம். அக்கொம்பனிக்கு ஆலோசகராயிருந்த ஐவி லீ என்பார் அவ்வழக்கத்தை மாற்றி, நிகழ்ந்ததைக் கூறும் எழுத்துமூல அறிக்கையொன்றைப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். இன்று பத்திரிகை அறிக்கை என வழங்கும் வடிவத்தின் தொடக்கமாக இதனைக் கொள்வர்.

1982 இலையுதிர் காலத்திற் சிக்காகோ நகர்ப்புறத்தில் ரைலனோல் என்னும் வலிநீக்கி மாத்திரைகளில் எவரோ சயனைட் நஞ்சினைக் கலந்தமையால் எழுவர் இறந்தனர். உற்பத்தியாளரான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனி, மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாமென நாடு முழுவதற்கும் அறிவித்து, ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களை மீளப் பெற்றது. இதற்கு 10 கோடி டொலருக்கு மேற் செலவாயிற்று என்ப. எனினும் இழந்த நம்பிக்கையை அது விரைவில் மீட்டுக்கொண்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் முகாமைத்துவப் பாடநூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவன. ஆனால், இரண்டிலும் பத்திரிகைகளும் வானொலியும் தொலைபேசியும் பழுதின்றி இயங்கின என்பதும், வீழ்ந்த வண்டியையும் இறந்த மனிதரையும் எல்லோரும் கண்டனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. கணினி யுகம் இவ்விரண்டு வசதிகளையும் பறித்துக்கொண்டது.

2. 1988: செய்தி செல்லாத வழி

1988 நவம்பர் 2ஆம் திகதி மாலை, கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின்படிப்பு மாணவரான றொபேட் ரப்பன் மொறிஸ் எழுதிய செய்நிரலொன்று மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் கணினியொன்றிலிருந்து இணையத்தினுள் விடப்பட்டது. தானே தன்னைப் பெருக்கி ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இயல்புடைய அது 'புழு' என்று பெயர் பெற்றது. கோப்புகளை அழிக்கவோ களவாடவோ அது முனையவில்லை. ஆயினும் அளவிறந்து பெருகியமையால் கணினிகள் வேலை செய்ய இயலாது திணறின. முதலிற் பாதிக்கப்பட்டவை பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களுமே.

அன்றிரவு நிகழ்ந்தவற்றுள் எமது பொருளுக்கு மிக முக்கியமானது ஒன்றுண்டு. தமது செய்நிரல் கட்டுமீறியதை அறிந்த மொறிஸ் தம் நண்பரொருவருடன் பேச, அந்நண்பர் புழுவைத் தடுக்கும் வழிகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுப் பெயரிடாத செய்தியொன்றை விடியுமுன் வலையமைப்பில் அனுப்பினார். பொருளளவில் அது பயனுள்ள செய்தி. ஆனால் அச்செய்தி செல்ல வேண்டிய வழியே புழுவினால் அடைபட்டிருந்தமையால் அது உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தினர் இரவோடிரவாகத் தயாரித்து அனுப்பிய திருத்தங்களுக்கும் இவ்விடர் நேர்ந்தது. அச்சங்கொண்ட பல நிறுவனங்கள் தம் கணினிகளை வலையமைப்பினின்றும் துண்டித்துக்கொண்டன. துண்டித்தவர் புழுவிலிருந்து தப்பினர். ஆயின் மருந்தும் அவர்களுக்குக் கிட்டவில்லை. நோயும் மருந்தும் ஒரே பாதையில் வரும் நிலையில், பாதையை மூடுவது இரண்டையும் தடுப்பதாகும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

இன்னுமொரு படிப்பினையும் இந்நிகழ்ச்சியிற் காணப்படுகின்றது. பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 6,000 எனப் பத்திரிகைகள் எழுதின. இன்றளவும் நூல்கள் அவ்வாறே எழுதுகின்றன. இணையத்தில் அன்று சுமார் 60,000 கணினிகள் இருந்திருக்கலாம், அவற்றுள் பத்திலொன்று பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற உத்தேசத்தினின்றும் பிறந்த எண் அது. எவரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதன்று. நெருக்கடியின் முதல்நாளிற் சொல்லப்படும் எண் வரலாற்றில் நிலைத்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவர் நிலையமான டார்ப்பா இக்குறையை விரைவில் உணர்ந்தது. அதே நவம்பர் மாதத்தில், பிற்ஸ்பேர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் கணினி அவசர நடவடிக்கைக் குழுவொன்றை அமைக்க அது நடவடிக்கை எடுத்தது. இரவும் பகலும் இயங்கும் தொலைபேசி இலக்கமொன்று அக்குழுவின் பணிகளுள் முதன்மை பெற்றது. அக்கால உயர் தொழினுட்ப நிலையமொன்று இடர்வேளைக்கெனப் பழைய தொலைபேசியை நாடியது தற்செயலன்று. 1990இல் இத்தகைய குழுக்களின் சருவதேச ஒன்றியமும் தோன்றியது. அதே ஆண்டில் மொறிஸ் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூகசேவையும் 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பெற்றார்.

3. சட்டம் வாய் திறப்பித்தமை

1988இன் நெருக்கடியில் வல்லுநர் வல்லுநரோடு பேசினர். பொதுமகன் அங்கு இடம்பெறவில்லை. இழப்பதற்கு அவனுடைய பொருள் எதுவும் வலையமைப்பில் இருக்கவில்லை. 1990களில் வாணிகமும் வங்கியும் அரச நிருவாகமும் கணினிக்குள் புகுந்தபோது இந்நிலை மாறியது. களவாடப்படுவது நிறுவனத்தின் கணினியிலிருந்தாயினும் களவுபோவது மக்களின் உடைமையாயிற்று. எனினும் உடையவருக்கு அறிவிக்கும் கடமை எந்நாட்டுச் சட்டத்திலும் தெளிவுற வகுக்கப்படவில்லை.

2002 ஏப்ரிலில் கலிபோர்னிய மாநில அரசின் கணினி நிலையமொன்றினுள் அந்நியர் புகுந்தனர். ஏறத்தாழ 265,000 அரச ஊழியரின் சம்பளப் பதிவுகள் அங்கிருந்தன. மே மாதத் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப்பட்ட இச்செய்தி ஊழியருக்கு அறிவிக்கப்படச் சுமார் இரண்டு வாரங்கள் கழிந்தன. மாநில ஆளுநரின் விபரங்களும் சட்டமன்ற உறுப்பினரின் விபரங்களும் அப்பதிவுகளில் அடங்கியிருந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது. சட்டமியற்றுவோர் தாமே பாதிக்கப்பட்ட அவ்வாண்டிலேயே, தனிநபர் விபரங்கள் வெளிப்பட்டால் உரியவருக்கு அறிவிக்க வேண்டுமெனக் கட்டளையிடும் சட்டம் நிறைவேறி 2003 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகையில் இதுவே முதற் சட்டமாகும்.

அதன் பயனும் போதாமையும் 2005இல் ஒருங்கே வெளிப்பட்டன. தனிநபர் விபரங்களைத் திரட்டி விற்கும் சொயிஸ்பொயின்ற் என்னும் கொம்பனியிடமிருந்து, வணிகர் போல வேடமிட்ட மோசடிக்காரர் விபரங்களை விலைக்கு வாங்கியிருந்தனர். கொம்பனி முதலிற் கலிபோர்னியாவைச் சேர்ந்த சுமார் 35,000 பேருக்கு மட்டுமே கடிதம் அனுப்பிற்று. பிற மாநிலத்தவருக்கு அறிவிக்குமாறு கட்டளையிடும் சட்டம் அப்போது இல்லை. பல மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் கண்டித்த பின்னரே அறிவித்தற்குரியோர் தொகை ஏறத்தாழ 145,000 ஆக விரிந்தது. ஒரே களவிற்கு ஆளானோருள் சிலர் அறியவும் சிலர் அறியாதிருக்கவும் நேர்ந்த இந்நிலை பெருங் கண்டனத்துக்குள்ளாகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய மாநிலங்கள் ஒவ்வொன்றாக இத்தகைய சட்டங்களை இயற்றின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, மேற்பார்வை அதிகாரிக்கு 72 மணிநேரத்தினுள் அறிவிக்க வேண்டுமென விதித்தது.

சட்டம் கடமையை வகுக்கலாம், காலவரையறையையும் விதிக்கலாம். ஆனால் எவ்வாறு பேசுவது, எதனைக் கொண்டு பேசுவது, யார் பேசுவது என்பவற்றைச் சட்டம் கற்பிக்க இயலாது. இதனைப் பின்வந்த நிகழ்ச்சிகள் தெளிவுறுத்துகின்றன.

4. மௌனத்தின் விலை

நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் ஒரு சிறு கொம்பனி. இணையத்தளமொன்று உண்மையானதே என உறுதிப்படுத்தும் மின்னியற் சான்றிதழ்களை வழங்குவது அதன் தொழில். அரசாங்கத்தின் இணையச் சேவைகள் பலவும் அச்சான்றிதழ்களையே நம்பியிருந்தன. அதாவது அது விற்ற பண்டம் நம்பிக்கை ஒன்றே.

2011 யூன் மாதம் அதன் வலையமைப்பினுள் புகுந்தோர், யூலை 10ஆம் திகதி கூகிளின் பெயரிற் போலிச் சான்றிதழொன்றை உண்டாக்கினர். யூலை 19ஆம் திகதி கொம்பனி ஊடுருவலைக் கண்டறிந்து, தான் அறிந்த போலிச் சான்றிதழ்களை இரத்துச் செய்தது. உலகுக்கோ அரசாங்கத்துக்கோ ஒரு வார்த்தையேனும் கூறவில்லை. கூகிளின் பெயரிலமைந்த போலிச் சான்றிதழ் அதன் கண்ணிற் படாது தப்பியிருந்தது. அதனைக் கொண்டு ஈரான் நாட்டிற் பெருந்தொகையானோரின் மின்னஞ்சற் போக்குவரத்து ஒற்றறியப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் இணைய முகவரிகள் இதற்கு இலக்காயின எனப் பின்னைய விசாரணை கண்டது. ஆகஸ்ட் இறுதியில் ஈரானியப் பாவனையாளர் ஒருவர் தமது கணினி காட்டிய எச்சரிக்கையைப் பகிரங்கப்படுத்திய பின்னரே உண்மை வெளிவந்தது. செப்ரெம்பர் 3ஆம் திகதி நள்ளிரவு கடந்து நெதர்லாந்தின் உள்நாட்டு அமைச்சர் பத்திரிகையாளரைக் கூட்டி, அரச இணையத்தளங்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதமில்லை என அறிவிக்க நேர்ந்தது. செப்ரெம்பர் 20ஆம் திகதி கொம்பனி வங்குரோத்தாகியது.

மௌனத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை இவ்விடத்து ஆராய்தல் வேண்டும். முழு உண்மையும் தெரியுமுன் பேசினால் வீண் பீதி எழும் என்பர். தாக்கியவன் விழிப்படைந்து தடயங்களை அழிப்பான் என்பர். வழக்குகளுக்கு வழிவகுக்கும் என்பர். இவை முற்றாகப் புறக்கணிக்கத்தக்கன அல்ல. 1988இன் உத்தேச எண், அவசரப்பட்டுச் சொல்வதன் தீங்கினைக் காட்டுகின்றது. ஆயினும் டிஜிநோட்டார் நிகழ்ச்சியில் மௌனம் எதனைக் காத்தது? யூலை 19க்கும் ஆகஸ்ட் இறுதிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு வாரங்களில், கொம்பனியின் நற்பெயர் காக்கப்படுவதாகத் தோன்றியது. அதே காலத்தில் தம் கடிதங்கள் பிறராற் படிக்கப்படுவதை அறியாத மக்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். அடக்குமுறை நிலவும் நாடொன்றில் ஒருவரது மின்னஞ்சலைப் பிறர் படிப்பது சிறைவாசத்துக்கும் அதனினும் கொடிய விளைவுகளுக்கும் இட்டுச்செல்லக்கூடும். சான்றிதழ் வழங்கிய கொம்பனியின் பெயரையே அவர்களுட் பெரும்பாலார் அறிந்திருக்கமாட்டார்கள். நிறுவனத்தின் மௌனத்துக்கு விலை கொடுப்போர் பெரும்பாலும் நிறுவனத்துக்கு வெளியே உள்ளோர் என்பது இதனாற் போதரும்.

ஊபர் கொம்பனியின் நிகழ்ச்சியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 2016இல் 5 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவாடப்பட்டபோது, களவாடியோருக்கு ஒரு இலட்சம் டொலர் வழங்கிச் செய்தி மறைக்கப்பட்டது. 2017 நவம்பரிற் புதிய தலைமை அதனை வெளியிட்டது. அக்கொம்பனியின் முன்னாட் பாதுகாப்புத் தலைவரை 2022இல் அமெரிக்க நீதிமன்றமொன்று குற்றவாளியாகக் கண்டது. மறைத்தல் என்பது தனிமனிதரின் குற்றவியற் பொறுப்பாகவும் ஆகலாம் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

5. ஆயத்தமற்ற பேச்சு

பேசுதல் வேண்டும் என்பது சரி. ஆயத்தமின்றிப் பேசினால் விளைவது யாது? அமெரிக்கக் கடன்தகைமை மதிப்பீட்டுக் கொம்பனியான ஈக்குவிபக்ஸ் இதற்கு விடை தருகின்றது. 2017 மே மாதம் முதல் அதன் கணினிகளிலிருந்து விபரங்கள் களவாடப்பட்டன. யூலை 29ஆம் திகதி கண்டறியப்பட்ட இச்செய்தி செப்ரெம்பர் 7ஆம் திகதி வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டோர் 14 கோடியே 30 இலட்சம் என முதலில் அறிவிக்கப்பட்டது; பின்னர் இத்தொகை இருமுறை உயர்ந்து 14 கோடியே 79 இலட்சமாகியது.

இடைப்பட்ட 40 நாட்களையும் ஆயத்தம் செய்தற்கான காலமெனக் கொண்டால், அவ்வாயத்தத்தின் பெறுபேறு இரங்கத்தக்கது. கொம்பனி தனது வழமையான தளத்தைத் தவிர்த்துப் புதிய பெயரில் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி, மக்கள் தம் விபரங்களை அங்குப் பதிந்து பார்க்குமாறு கேட்டது. அப்பெயரோ மோசடிக்காரர் வைக்கும் பெயர்களையே ஒத்திருந்தது. மென்பொருள் வல்லுநர் ஒருவர், இவ்வாறு எவரும் ஏமாற்றலாம் எனக் காட்டுதற்பொருட்டு, பெயரின் இரு பகுதிகளை முன்பின்னாக மாற்றிப் போலித்தளமொன்றை அமைத்தார். ஈக்குவிபக்ஸின் உத்தியோகபூர்வ டுவிற்றர் கணக்கே அப்போலித்தளத்துக்குப் பலமுறை மக்களை வழிகாட்டியது! தொலைபேசி நிலையங்கள் அழைப்புகளைத் தாங்காது திணறின. இலவசப் பாதுகாப்புச் சேவையிற் சேர்வோர் வழக்காடும் உரிமையை இழப்பரோ என்ற ஐயத்துக்கு இடமளிக்கும் நிபந்தனையும் சேர்க்கப்பட்டு, எதிர்ப்பின் பின் விலக்கப்பட்டது. செப்ரெம்பர் 26ஆம் திகதி பிரதம நிறைவேற்று அதிகாரி பதவியினின்றும் நீங்கினார். அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று 2018 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை இத்தாக்குதல் முற்றாகத் தவிர்த்திருக்கக்கூடியது என முடிவு கூறியதோடு, பாதிக்கப்பட்டோருக்கு உதவக் கொம்பனி ஆயத்தமாயிருக்கவில்லை என்றும் கண்டித்தது.

6. கதவில் ஒட்டிய கடதாசி

2017 யூன் 27ஆம் திகதி உக்ரேனில் தொடங்கிய 'நொட்பெற்யா' என்னும் தாக்குதல், உலகக் கொள்கலப் போக்குவரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினைக் கையாண்ட டென்மார்க்கின் மேர்ஸ்க் கொம்பனியைத் தாக்கியது. மின்னஞ்சலோடு மேசைத் தொலைபேசிகளும் செயலிழந்தன. ஊழியர் சொந்தக் கைத்தொலைபேசிகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் கொண்டு வாடிக்கையாளருடன் பேசினர். தலைமையகத்தின் அனுமதிக்குக் காத்திராமல், வாடிக்கையாளருக்கு உதவும் எனத் தாம் கருதுவதைச் செய்யுமாறு பிரதம நிறைவேற்று அதிகாரி முன்னணி ஊழியருக்குப் பணித்தார். 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீளமைத்ததாகக் கொம்பனியின் தலைவர் 2018 சனவரியில் டாவோஸ் மாநாட்டிற் பகிரங்கமாகக் கூறினார். 25 முதல் 30 கோடி டொலர் வரையான இழப்பையும் கொம்பனி மறைக்கவில்லை.

மேர்ஸ்க் கையிற் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தது என்றால், நோர்வேயின் அலுமினிய உற்பத்தியாளரான நோர்ஸ்க் ஹைட்ரோ அதனை ஒரு முறையாகவே நிகழ்த்திக் காட்டியது. 2019 மார்ச் 19ஆம் திகதி அதிகாலை அதன் கணினிகள் பூட்டப்பட்டுக் கப்பம் கோரப்பட்டது. 40 நாடுகளில் 35,000 ஊழியர் பாதிப்புக்குள்ளாயினர். அன்று காலை வேலைக்கு வந்தோர் வாயிற்கதவுகளில் கண்டது கடதாசி அறிவித்தலை: தாக்குதல் நிகழ்ந்துள்ளது, கணினிகளை வலையமைப்பில் இணைக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் கட்டாயம் கடந்து செல்லும் இடத்தில் வைத்தல் என்ற மிக எளிய சிந்தனை இது. அன்றே கொம்பனியின் நிதித் தலைமை அதிகாரி ஒஸ்லோவிற் பத்திரிகையாளரைச் சந்தித்தார். தமது இணையத்தளம் இயங்காமையால் முகநூல் வழியாகவும் தற்காலிகத் தளம் வழியாகவும் செய்திகள் வழங்கப்பட்டன. கப்பம் செலுத்துவதில்லை, காப்புப் பிரதிகளைக் கொண்டே மீள்வோம் என்ற நிலைப்பாடு தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. அறிந்ததை அறிந்ததென்றும் அறியாததை அறியாததென்றும் கூறிய அவ்வெளிப்படைத் தன்மை, பெரும் நட்டத்தின் நடுவிலும் கொம்பனிக்கு மதிப்பையே ஈட்டிக் கொடுத்தது.

உயிரே பணயமாகும் துறையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. 2021 மே 14ஆம் திகதி அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை தாக்கப்பட்டபோது, நாடளாவிய கணினி முறைகள் அனைத்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. வைத்தியசாலைகள் கடதாசிக்கும் பேனாவுக்கும் திரும்பின. எந்த நோயாளர் வரலாம், எவர் வரவேண்டாம் என்ற அறிவித்தல் வானொலியாலும் தொலைக்காட்சியாலும் நாள்தோறும் மக்களுக்கு வழங்கப்பட்டது. ஆயின், டிசெம்பரில் வெளியான சுதந்திர ஆய்வறிக்கை, இத்தகைய தாக்குதலை எதிர்கொள்ளும் திட்டம் முன்னரே எழுதப்பட்டிருக்கவில்லை என்றும், இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான தனி அதிகாரி எவரும் இருக்கவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. விபரங்கள் களவாடப்பட்ட ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குத் தனித்தனியே அறிவிக்கும் பணி 2022 நவம்பர் அளவிலேயே ஆரம்பமாகியது. நாட்டுக்குப் பேசுவதும் தனியொருவருக்கு அவரது இழப்பை எடுத்துரைப்பதும் வேறு வேறு பணிகள் என்பதும், முன்னதில் ஓரளவு வெற்றி கண்டோரும் பின்னதிற் பின்தங்கக்கூடும் என்பதும் இதனாற் பெறப்படும்.

7. நூலகமும் நாமும்

2023 ஒக்ரோபர் 28ஆம் திகதி பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்கள் பலவற்றின் அரிய பிரதிகள் அங்குள்ளன. ஆதலின் அதன் நூற்பட்டியல் மறைந்தமை தமிழாய்வாளர்க்கும் நேரடியான இழப்பாயிற்று. முதலில் தொழினுட்பக் கோளாறு என்றே அறிவிக்கப்பட்டது; தாக்குதலின் முழுத்தன்மை சில வாரங்களின் பின்னரே தெளிவாக்கப்பட்டது. கப்பம் செலுத்தப்படாமையாற் சுமார் 600 ஜிகாபைட் தரவுகள் வெளியிடப்பட்டன. நூற்பட்டியல் 2024 சனவரியில் மீண்டும் பார்வைக்கு வந்தது. ஆனால் அந்நூலகம் வரலாற்றில் இடம்பெறுவது அதன் பின் செய்ததனாலாகும். 2024 மார்ச் மாதத்தில், தனது பழைய கணினி அமைப்பின் குறைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் தானே எடுத்துரைத்து, பிற நிறுவனங்கள் கற்றுக்கொள்ளுமாறு ஓர் அறிக்கையை எல்லோர்க்கும் திறந்து வைத்தது. தோல்வியைப் பொதுச் சொத்தான அறிவாக மாற்றும் இப்பண்பு அறிவு நிறுவனமொன்றுக்கே உரிய பண்பெனலாம்.

எமது நாட்டில் கணினி அவசரநிலைகளைக் கையாளும் தேசிய அமைப்பு 2006இல் நிறுவப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு மீறல்களை அறிவிக்கும் கடமையை இலங்கைச் சட்டத்தினுள் கொணர்ந்தது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை தாக்கப்பட்டு, மே 17 முதல் அன்றுவரையான செய்திகள், காப்புப் பிரதி இல்லாமையால், மீட்கப்படாது போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. செப்ரெம்பர் மாதத்திலேயே இச்செய்தி பொதுமக்களிடையே பரவலாகத் தெரியவந்தது.

இலங்கையில் இம்முன்னாயத்தத்துக்கு மேலும் ஒரு பரிமாணமுண்டு, அதுவே மொழி. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நெருக்கடி வேளையில் ஒரு மொழியில் எழுதப்படும் எச்சரிக்கை ஏனைய மொழியினருக்கு மறுநாட் சென்றடையின், இடைப்பட்ட இரவு முழுவதும் அம்மக்கள் எச்சரிக்கப்படாதவரே. அவசரத்தில் செய்யப்படும் மொழிபெயர்ப்போ பொருள் திரிபடையும் இயல்பினது. ஆதலின் 'கடவுச்சொல்லை மாற்றுக', 'இவ்விலக்கத்துக்கு மட்டும் அழைக்குக', 'இன்னது களவுபோயுள்ளது, இன்னது களவுபோகவில்லை' என்பன போன்ற வாசகங்களை மும்மொழியிலும் அமைதிக் காலத்திலேயே ஆக்கி, மொழிவல்லாரைக் கொண்டு சரிபார்த்து வைத்தல் எமது நிறுவனங்களின் இன்றியமையாக் கடமையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறுவோமாயின், முன்னாயத்தத்தின் கூறுகள் நான்கு எனலாம். வலையமைப்பைச் சாராத மாற்றுவழியும், அதற்குரிய தொலைபேசி இலக்கங்களின் அச்சிட்ட பட்டியலும் முதலாவது. இது 1988 கற்பித்தது. பேசும் அதிகாரம் உடையவர் இன்னார் என முன்னரே நியமித்தலும், அவர் தவறின் பேசுவோரைக் குறித்தலும் இரண்டாவது. உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, கேட்போர் உடனே செய்யவேண்டியது என்னும் முப்பகுதியும் கொண்ட எளிய வாசகங்களை ஆக்கி ஒத்திகை பார்த்தல் மூன்றாவது. ஈக்குவிபக்ஸ் இதனை மறந்தது, நோர்ஸ்க் ஹைட்ரோ நிறைவேற்றியது. பாதிக்கப்பட்ட தனிநபருக்கு முதலிடம் அளித்தல் நான்காவது.

இந்நான்கினுள்ளும் முதல் மூன்றும் திறமையைச் சார்ந்தவை; பொருளும் பயிற்சியும் இருப்பின் எந்நிறுவனமும் கைக்கொள்ளலாம். நான்காவது அறத்தைச் சார்ந்தது. ஒருவன் தன் விபரங்களை நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கையில் அவை பத்திரமாயிருக்கும் என்று நம்புகின்றான். பத்திரமற்றுப் போயின் தனக்குச் சொல்லப்படும் என்றும் நம்புகின்றான். முதல் நம்பிக்கையை எந்நிறுவனமும் முற்றாகக் காத்தல் அரிது. இரண்டாவது நம்பிக்கையைக் காத்தல் ஒவ்வொரு நிறுவனத்தின் கையிலும் உள்ளது.

எமது பல்கலைக்கழகங்களும் பல்லாயிரம் மாணவரின் பெறுபேறுகளையும் குடும்ப வருமான விபரங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் இன்று கணினியிலேயே வைத்துள்ளன. 1988இல் முதலிற் பாதிக்கப்பட்டவை பல்கலைக்கழகங்கள் என்பதையும், அவ்வாண்டிலேயே அதற்கான மாற்றை உலகுக்கு வழங்கியதும் ஒரு பல்கலைக்கழகமே என்பதையும் நாம் மறத்தலாகாது. எமது பதிவாளர் அலுவலகத்தின் கணினிகள் ஒருநாட் காலை திறவாது போயின், விடுதியிலும் ஊரிலும் உள்ள மாணவருக்கு அதனைச் சொல்பவர் யார், எம்மொழியில், எவ்வழியாக என்ற வினாவை இன்றே எழுப்புதல் வேண்டும். அதற்கு எழுத்தில் விடை காணுமாறு கேட்பது மாணவராகிய எமது உரிமையும் கடமையுமாகும்.